மூணு நாள் ஒத்தடம்

கேகாலை என்று சொன்னவுடன் கொழும்பில் இருக்கிற கூட்டாளிமார் இப்பவும் எங்களிடம் கேட்பது, "பாணி கிடைச்சிச்சா?" என்றுதான். 2020 டிசம்பரில் ஹெட்டிமுல்லையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து ஒரு பாணி காய்ச்சினார். அது கொரோனாவை விரட்டும் என்று சொல்ல, ஆயிரக்கணக்கான சனம் முண்டியடித்து வரிசையில் நின்றது. சுகாதார அமைச்சரே குடித்தார். அடுத்த மாசம் அவருக்கும் தொற்று வந்தது. எங்கள் அப்பாயியும் அந்தப் பாணி வேண்டும் என்று ஒரு வாரம் அடம் பிடித்தது. அப்பா வாங்கித் தரவில்லை. அதுக்குப் பதிலா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், எங்கள் பயம் முழுக்க அந்த நோய் மேலதான் இருந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மூன்று படி மேல் இல்லை.

நாங்கள் மூன்று பேர். அக்கா, தம்பி, நடுவில் ஒன்று. இதை மூன்று பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம், நடுவில் இரண்டு தடவை சண்டையும் பிடித்துக்கொண்டு. எங்கள் தோட்டம் எட்டியாந்தோட்டைக்கு மேலே, தேயிலையும் இறப்பரும் கலந்த தோட்டம். அப்பாயி நாற்பது வருசம் பால் வெட்டினது. விடியுமுன்னே கத்தியும் வாளியுமாக வழுக்குற மலையில ஏறி இறங்கின கால். எழுபத்தெட்டு வயசிலும் போஸ்ட் ஒஃபீசுக்கு நடந்து போய்த்தான் முதியோர் பணம் 2000 ரூபாயை எடுத்து வரும்.

கக்கூஸ் லயத்துக்குப் பின்பக்கம். கருங்கல் படி மூன்று இறங்கி, கானைத் தாண்டிப் போக வேண்டும். அந்த இடத்தில் ஒரு பல்ப் இருந்தது. 2021 மே கடைசியில் அது எரியாமல் போனது. மே 21இலிருந்து நாடு முழுக்கப் பயணக் கட்டுப்பாடு, கடை எல்லாம் பூட்டு. அரிசியும் பருப்பும் லொறியில் வந்தது, பல்ப் வரவில்லை. திறந்ததும் வாங்கலாம் என்று விட்டுவிட்டோம்.

ஜூன் முதல் வாரம் பெய்த மழை கேகாலை, இரத்தினபுரி ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கெங்கோ மண் சரிந்தது, ஆறு பெருகினது. மூன்றாம் திகதி ராத்திரி இரண்டு மணி போல அப்பாயி யாரையும் எழுப்பாமல் போயிருக்கிறது. மழைச் சத்தத்தில் விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. நாய் குரைத்துத்தான் அப்பா எழும்பினார்.

தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டோம். ரத்தம் இல்லை, வீக்கமும் பெரிசா இல்லை. "சுளுக்கு சாமி, விடிஞ்சா சரியாப் போயிரும்" என்று அப்பாயிதான் எங்களுக்கு ஆறுதல் சொன்னது.

விடிந்தது. சரியாகவில்லை.

அப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றார். கேள்விப்பட்டதும் பக்கத்துக் காம்பராக்காரங்க வாசலில் வந்து நின்றார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் பி.சி.ஆர். எடுப்பார்கள். ஒருத்தருக்கு 'பொசிட்டிவ்' வந்தால் பி.எச்.ஐ. வந்து முழு லயத்தையும் மூடுவார். பத்து குடும்பம் இரண்டு கிழமைக்கு வேலைக்குப் போக முடியாது. எத்தனையோ வருசம் கத்திக் கேட்டு, அந்த மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்திருந்தது. "ரெண்டு நாள் பார்ப்போமே" என்றார்கள். அதோடு அக்கா மே மாசம் கொழும்பிலிருந்து வந்தவள். ஒருவேளை தானே கொண்டு வந்து கொடுத்திருப்பேனோ என்ற பயம் அவளுக்கு. அவளும் "பார்ப்போம்" என்றாள். அக்கா இந்த வரியை எடுக்கச் சொன்னாள். நாங்கள் எடுக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை.

முறிவு பார்க்கிற வெதமாத்தயாவால் வர முடியாது, ரோட்டில் பொலிஸ். போனில் ஏதோ எண்ணெய் சொன்னார். இருந்த எண்ணெயைச் சூடாக்கிப் பூசினோம். சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தோம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பெனடோல். ஒத்தடம் கொடுக்கும்போது அப்பாயி கம்பளியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது நாள்தான் கவனித்தோம், அப்பாயி தண்ணி குடிக்கிறதை நிறுத்தியிருந்தது. தேத்தண்ணியும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். கேட்டால் பசியில்லை என்றது. உண்மையான காரணத்தை அம்மாவிடம்தான் சொன்னது. குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் மகன் தூக்க வேண்டும்.

மூன்றாம் நாள் தம்பி, முன்னே எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து பென்சன் எடுத்த ஐயாவுக்கு போன் பண்ணினான். அவர் எங்கே வலி என்றுகூடக் கேட்கவில்லை.

"கால் பாதம் எந்தப் பக்கம் பார்க்குது?"

"வெளிப்பக்கம் சாஞ்சு கிடக்குது ஐயா."

"ரெண்டு குதிகாலையும் ஒண்ணாச் சேர்த்து வெச்சுப் பாரு. ஒரே அளவா?"

இல்லை. விழுந்த கால் கட்டையாக இருந்தது. அத்தனை ஒத்தடம் கொடுத்தும் நாங்கள் ஒரு தடவைகூட இரண்டு காலையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"இடுப்பு போயிருச்சு. இப்பவே கொண்டு போ. கொரோனாவுக்குப் பயந்தா இந்தக் கட்டில்லயே போயிரும்" என்றார்.

இடுப்பு உடைந்தது என்கிறோமே தவிர, உடைவது தொடை எலும்பின் மேல் நுனி, இடுப்புக் குழிக்குள் உட்காருகிற பந்துக்குக் கிட்டே உள்ள இடம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்ந்து பொறை விடும். அதனால் ஒரு சின்ன விழுகை போதும். கை முறிந்தால் கட்டிவிட்டு உட்காரலாம். இது அப்படி இல்லை. ஆளைப் படுக்க வைத்துவிடும். படுத்தால் முதுகில் புண், காலில் ரத்தக்கட்டி, நெஞ்சில் சளி. அதனால்தான் ஆபரேஷனை ஒன்றிரண்டு நாளைக்குள் செய்யச் சொல்கிறார்கள். எவ்வளவு நல்லா வைத்தியம் பார்க்கிற நாட்டிலும் இப்படி விழுந்த வயசானவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் ஒரு வருசத்துக்குள் போய்விடுகிறார்கள். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த ஒன்றிரண்டு நாளையும் நாங்கள் ஒத்தடத்திலேயே முடித்துவிட்டிருந்தோம்.

பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நாலு பேர் மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "ரெண்டு நாள் பார்ப்போம்" என்ற அதே ஆட்கள்தான். 1990 அம்புலன்ஸ் வந்தது. வாசலோடு எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், உள்ளே யாரும் நிற்க முடியாது. பி.சி.ஆர். முடிவு வரும்வரை காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்களாம். வார்டில் ஆள் பத்தாது, தாதிமார் பலர் தனிமைப்படுத்தலில். ஆறாவது நாள்தான் ஆபரேஷன் நடந்தது. நாங்கள் மூன்று நாள், அவர்கள் ஆறு நாள். யாரைக் குறை சொல்ல?

எங்கள் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களம் நல்லா வரும், சுத்தி எல்லாம் சிங்கள கிராமம்தானே. அப்பாயி மீன்காரரோடு சிங்களத்தில் பேரம் பேசினால் அவர் தலையில் கை வைப்பார். ஆனால் ஆபரேஷன் முடிந்த ராத்திரி அதுக்கு அறிவு தடுமாறிவிட்டது. வயசானவர்களுக்கு இப்படி வருமாம். அந்தத் தடுமாற்றத்தில் முதலில் போனது சிங்களம். தமிழில் மட்டும் பேசியிருக்கிறது, அதுவும் செத்துப்போன தாத்தாவோடு. யாரைப் பார்த்தாலும் முகக்கவசம், கண் மட்டும்தான் தெரியும். ஒரு தாதி தன்னுடைய சொந்த போனில் எங்களுக்கு எடுத்து, "அம்மா என்னமோ கேக்குறாங்க, எனக்குப் புரியல" என்று சிங்களத்தில் சொன்னார். போனை அப்பாயியின் காதில் வைக்கச் சொன்னோம்.

"பெரட்டு அடிச்சிட்டாங்க, என் வாளி எங்க?" என்றது அப்பாயி.

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "இன்னைக்கு மழை, பால் வெட்டு இல்ல. படுங்க" என்றார். அதுக்குப் பிறகு தூங்கினதாம். அந்தத் தாதியின் பேர்கூட எங்களுக்குத் தெரியாது.

பிறகு படித்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல நாடுகளில் ஊரடங்கு நேரம் வாகன விபத்து குறைந்தது, விளையாட்டில் கை கால் முறிவதும் குறைந்தது. முதியவர்களின் இடுப்பு முறிவு மட்டும் அப்படிக் குறையவில்லை. குறையாதுதான். அவர்கள் விழுவது ரோட்டில் இல்லை, வீட்டில். உலகமே 'வீட்டில் இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த வீட்டில். 2020 மார்ச், ஏப்ரலில் ஸ்கொட்லாந்தில் இடுப்பு முறிந்து வந்த 300க்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். கொரோனாவும் சேர்ந்து வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 30 நாளுக்குள் இறந்திருக்கிறார்கள். தொற்று இல்லாதவர்களில் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆக, லயத்து ஆட்களின் பயம் சும்மா பயம் இல்லை. ஆனால் அப்பாயிக்கு கொரோனா இல்லை. எடுத்த பி.சி.ஆர். எல்லாம் 'நெகட்டிவ்'.

இருபத்துநாலு நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. நடக்கிறதுக்கு 'வோக்கர்' கொடுத்திருந்தார்கள். அதைக் காம்பராவுக்குள் திருப்ப இடமில்லை. இஸ்தோப்பில் நாலு எட்டு வைக்கலாம், அங்கேயும் அடுப்பு விறகு. கக்கூஸுக்குப் போகவே முடியாது, அதே மூன்று படி. அப்பா கதிரை ஒன்றின் நடுவில் ஓட்டை வெட்டி அடியில் வாளி வைத்தார். நடைப்பயிற்சிக்கு கிளினிக் வரச் சொன்னார்கள். இரண்டு தடவை போனோம். ஆகஸ்ட் 20இல் திரும்ப ஊரடங்கு, ஒக்டோபர் வரைக்கும். அதுக்குப் பிறகு அப்பாயி எழும்பவில்லை. 2022 பெப்ரவரியில் நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தது.

அப்பா "வயசு" என்கிறார். அக்கா "நான்தான்" என்கிறாள். தம்பி கேட்கிற கேள்விதான் எங்களுக்கு இன்னும் பதில் தெரியாதது: தினமும் ராத்திரி செய்தியில் இத்தனை பேர் என்று ஒரு எண் சொன்னார்களே, அப்பாயி அதில் ஒன்றா இல்லையா?

இப்போது படி ஓரத்தில் இரும்புக் குழாயில் ஒரு கைபிடி இருக்கிறது. அப்பாவின் கூட்டாளி ஒருவர் ஒட்டிக் கொடுத்தது. பல்பும் போட்டிருக்கிறோம், கைவசம் இன்னும் இரண்டு இருக்கிறது. அடுத்த காம்பரா பாட்டி பகல் முழுக்க அந்தக் குழாயில்தான் ஈரச்சேலை காயப் போடுகிறார். எடுக்கச் சொன்னால், "ராவைக்கு எடுத்துர்றேன் சாமி" என்கிறார்.