வெயில் கணக்கு

ராஜஸ்தானுக்கு மாத்தல் ஆர்டர் வந்தப்போ தங்கமணி கேட்ட முதல் கேள்வி, "அங்க வெயில் எப்படிங்க?"

"நம்ம விருத்தாசலம் மாதிரிதான்"னு சொல்லி வச்சேன். பொய்தான். அதுக்கு முந்தின ராத்திரியே நெட்ல தேடிப் பார்த்துட்டேன். எனக்குக் கிடைச்ச கிளைக்குக் கொஞ்ச தூரத்துல இருக்கற பலோடிங்கற ஊர்லதான் 2016 மே 19ஆம் தேதி 51 டிகிரி அடிச்சிருக்கு. அதுவரைக்கும் இந்தியாவுல பதிவானதுலயே அதுதான் அதிகம். இதை முன்கூட்டியே சொன்னா குடும்பம் ரயிலேறுமா, சொல்லுங்க.

மூணு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. பொண்ணு படிப்புக்காக வீடு ஜோத்பூர்ல. நான் வாரம் முழுக்க கிளை இருக்கற ஊர்ல ஒரு ரூம்ல. வார லீவுக்கு பஸ் பிடிச்சு ஓடி வர்றது. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இது தெரிஞ்ச கதைதான்.

இங்க வந்து எனக்குப் பழகவே பழகாத விஷயம், சாயங்காலம். ஜூன் மாசம் ஏழரை மணிக்குத்தான் சூரியன் விழும். ஊர்ல அம்மாகிட்ட போன் பேசினா, "விளக்கேத்தியாச்சுப்பா, சீரியல் போட்டுட்டான்"ம்பாங்க. எனக்கு இங்க மூஞ்சியில வெயில் அடிச்சுக்கிட்டிருக்கும். ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஆனா சூரியன் அந்தக் கடிகாரத்தைப் பார்க்கறதில்லை.

வெயில்னா ஒதுங்கிப் போற விஷயம்னு வளர்ந்தவன் நான். இங்க அது வியாபாரம். பலோடி பக்கம் பட்லான்னு ஒரு இடம். சுமார் 14,000 ஏக்கர்ல சோலார் பூங்கா, மொத்தம் 2,245 மெகாவாட். நம்ம ராமநாதபுரம் கமுதியில 2016ல ஆரம்பிச்ச 648 மெகாவாட் நிலையத்தையே பெருசா பேசினோம். இது அதுல மூணு பங்குக்கும் மேல. 2017 மே மாசம் இந்த பட்லாவுக்கு நடந்த ஏலத்துலதான் ஒரு யூனிட் 2 ரூபாய் 44 காசுன்னு விலை இறங்குச்சு. பூமி வறண்டு கிடக்கு, மழை கிடையாது, வெயில் மட்டும் கொட்டுது. அதைப் பிடிச்சு வித்தா காசு. பி.காம் படிச்சவனுக்கு இதைவிட அழகான பிசினஸ் இருக்குமா?

ஒரு வேடிக்கை. 51 டிகிரி அடிக்கற ஊர்னா பேனல் பிச்சுக்கிட்டு வேலை செய்யும்னு நினைச்சேன். சைட் எஞ்சினியர் ஒருத்தர் சிரிச்சார். பேனலுக்கு வேணுங்கறது வெளிச்சம், சூடு இல்லை. அதோட திறனை 25 டிகிரியில வச்சுத்தான் அளப்பாங்க. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமா குறையும். பாலைவனத்துல அதுக்கு ரெண்டாவது எதிரி புழுதி. அதைத் துடைக்க தண்ணிக்கு எங்க போறது? தண்ணியே இல்லாம பிரஷ்ஷால துடைக்கற ரோபோவை ராத்திரியில ஓட்டறாங்க. சூட்டை மனுஷன் மட்டும் இல்லை, மிஷினும் பொறுத்துக்கிட்டுதான் ஓட்டுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நான் வந்த அடுத்த மார்ச். கடைசி வாரம். பேங்க் வேலையில இருக்கறவங்களுக்கு அந்த வாரம் எப்படின்னு சொல்லவே வேண்டாம். டெபாசிட் டார்கெட்டுக்கு இன்னும் கொஞ்சம் துண்டு விழுது. அப்போ எங்க கிளையோட பழைய வாடிக்கையாளர், அறுபத்தஞ்சு வயசுப் பெரியவர், ஒரு ஃபைலைத் தூக்கிக்கிட்டு வந்தார். எல்லாரும் அவரைக் காகோசான்னு கூப்பிடுவாங்க, சித்தப்பாங்கற மாதிரி மரியாதையா. நானும் அப்படித்தான்.

ஒரு சோலார் கம்பெனி அவர் நிலத்தை நீண்ட கால குத்தகைக்குக் கேட்டிருக்கு. பத்திரம் இங்கிலீஷ்ல. பையன் சூரத்துல இருக்கான். "நீங்க படிச்சுச் சொல்லுங்க சா, போடலாமா வேண்டாமா."

படிச்சேன். ஒரு வெள்ளைத்தாள்ல கோடு போட்டு ரெண்டு பக்கம் எழுதினேன். இந்தப் பக்கம், மழை நல்லா பெய்ஞ்சா கம்பு, பயறு. மழை பொய்ச்சா பூஜ்யம். அந்தப் பக்கம், பெய்ஞ்சாலும் காய்ஞ்சாலும் வருஷா வருஷம் குத்தகைப் பணம். நல்ல வருஷத்து மகசூலைவிட மூணு பங்கு.

"கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுங்க காகோசா. முன்பணத்தை நம்மகிட்டயே ஃபிக்ஸட்ல போட்டுடலாம்."

அவர் தாளையே பார்த்துக்கிட்டிருந்தார். "கேஜ்ரி இருக்கே சா?"

"எத்தனை?"

"22."

கேஜ்ரின்னா இங்க வயலுக்கு நடுவுல நிக்கற முள் மரம். எனக்கு அது நம்ம ஊர் கருவேலத்துல ஒரு தினுசு. "அது கணக்குல வராதே"ன்னேன். சொல்லும்போது என் கண்ணு டார்கெட் ஷீட்ல இருந்துச்சுங்கறதையும் இங்க ஒத்துக்கறேன்.

கையெழுத்துப் போட்டார். டெபாசிட் வந்துச்சு. டார்கெட் முடிஞ்சுது. ரீஜனல் ஆபீஸ்லேர்ந்து பாராட்டு மெயில் கூட வந்துச்சு.

அந்த வருஷம் மழைக்காலம் முடிஞ்சப்புறம் ஒருநாள் கையில ஒரு துணிப்பையோட வந்தார். உள்ள காய்ஞ்ச குச்சி குச்சியா ஏதோ. சாங்க்ரி. கேஜ்ரி மரத்துக் காய். இளசா பறிச்சு வேகவச்சு வெயில்ல காயப்போட்டா வருஷம் முழுக்க வரும். கேர் சாங்க்ரி காய் இல்லாம இங்க கல்யாணச் சாப்பாடு கிடையாது. ஜோத்பூர் கடையில பாதாம் விலைக்கு விக்கறாங்க.

"போன வருஷத்துது. வீட்டுல சொல்லி சமைக்கச் சொல்லுங்க"ன்னார். அப்புறம் சாதாரணமா, "இனிமே நாங்களும் கடையிலதான் வாங்கணும்"னார்.

கோபமா சொல்லியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. பேத்தியை ஜோத்பூர் காலேஜ்ல சேர்த்தது அந்தக் குத்தகைப் பணத்துலதான். "உங்க கணக்கு சரிதான் சா, தப்பில்லை"ன்னு அவரே சொன்னார். அதுதான் உறுத்துச்சு.

அந்த நவராத்திரிக்கு அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. பாலைவனம், ஒட்டகம் எல்லாம் காமிச்சாச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை ஜோத்பூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கற கேஜர்லி கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இறங்கினதும் அம்மா ஒரு மரத்துக்கிட்ட போய் ஒரு இணுக்கு இலையை உருவி உள்ளங்கையில வச்சுப் பார்த்தாங்க.

"ஏன்டா, இது நம்ம வன்னி மரம்தானே?"

நான் முழிச்சேன். போன்ல தேடினேன். அதேதான். கேஜ்ரின்னாலும் வன்னின்னாலும் ஒரே மரம். சீமைக்கருவேலம் இதுக்கு தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். எங்க ஊர் பழமலைநாதர் கோயிலோட தல மரமே வன்னிதான். சின்ன வயசுல அதைச் சுத்தி ஓடிப் பிடிச்சு விளையாடின பயல், அதே மரத்தை மூணாயிரம் இல்லைன்னாலும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தப்போ அடையாளம் தெரியலை. தெரியாமலே 22ஐ "கணக்குல வராது"ன்னு சொல்லியிருக்கேன்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவங்க பாட்டுக்கு பேரப்பொண்ணுக்குக் கோயில் கதை சொல்லிக்கிட்டிருந்தாங்க. விபசித்து முனிவர் திருப்பணி பண்ணினப்போ வேலையாளுங்களுக்கு வன்னி இலையைத்தான் கூலியா கொடுத்தாராம். அவங்கவங்க எவ்வளவு உழைச்சாங்களோ அந்த அளவுக்கு அது பொற்காசா மாறுமாம். நூறு தடவை கேட்ட கதை. பேங்க்ல வேலை பார்க்கறவனுக்கு அன்னைக்குத்தான் சுருக்குன்னுச்சு.

அந்த கிராமத்துக் கதையையும் சொல்லிடறேன். 1730ல ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்குக்குப் புது மாளிகை கட்ட சுண்ணாம்பு சுடணும். சூளைக்கு விறகு வேணும். ஆளுங்க இங்க கேஜ்ரி வெட்ட வந்தாங்க. அம்ரிதா தேவிங்கற பிஷ்னோய் பெண் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உயிரை விட்டாங்க. அவங்க மூணு பொண்ணுங்களும். மொத்தம் 363 பேர். அந்த மரம் 1983ல ராஜஸ்தானோட மாநில மரமாச்சு. யோசிச்சுப் பாருங்க, அன்னைக்கும் வந்தது எரிபொருளுக்காகத்தான். 2024லேர்ந்து பிகானேர் பக்கம் சோலாருக்காக கேஜ்ரி வெட்டறதை எதிர்த்து ஜனங்க தர்ணா உட்கார்ந்ததும் அதே மரத்துக்காகத்தான்.

சோலார் வேண்டாம்னு சொல்ல வரலை. நான் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர்க்காரன். ராத்திரி வானத்துல அந்த அனல்மின் நிலையத்து வெளிச்சத்தைப் பார்த்து வளர்ந்தவன். நிலக்கரிக்கு என்ன விலைன்னு எனக்கும் தெரியும். அதுவும் ஒரு காலத்துல மரமா நின்னு குடிச்ச வெயில்தான். சூரியன் பில் அனுப்பறதில்லை, உண்மை. ஆனா அதைப் பிடிக்க ஒரு இடம் வேணும், அந்த இடத்துல ஏற்கனவே யாரோ வெயிலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இலையைவிட பழைய சோலார் பேனல் எது? கேஜ்ரி அந்த வெயிலை வாங்கி ஆட்டுக்குத் தழையா, மனுஷனுக்குக் காயா, கீழே விளையற கம்புக்கு நிழலும் உரமுமா திருப்பிக் கொடுக்குது. அந்த வரவை நான் எழுதவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதினா அதுக்குப் பேர் கணக்கு இல்லைன்னு பி.காம் முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுத்தாங்க.

ஜோத்பூர்ல இருக்கற காஸ்ரி ஆராய்ச்சி நிலையத்துல பேனல் வரிசைகளுக்கு நடுவுல பயறு, சீரகம் எல்லாம் போட்டு, பேனல் மேல விழற மழைத்தண்ணியையும் சேமிச்சுக் காமிச்சிருக்காங்க. ஆக வழி இல்லாம இல்லை. எனக்குக் கைக்கெட்டின வழி ஒண்ணு, மாடி. இங்க எல்லா வீடும் மொட்டை மாடிதான். அங்க எந்த மரத்தையும் வெட்ட வேண்டாம். 2024 பிப்ரவரியில பி.எம். சூர்ய கர் திட்டம் வந்தப்போ, நம்மாளு டார்கெட்டுக்கு முன்னாடியே கிராமம் கிராமமா போக ஆரம்பிச்சுட்டேன். ஒரு கிலோவாட் போட்டா ஒரு நாளைக்கு சராசரி 4 யூனிட். மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000. ஆக மொத்தம் 78,000. மீதிக்கு பிணை இல்லாம கடன்.

காகோசாவும் வந்தார். 3 கிலோவாட் வேணும்னார். சந்தோஷமா மாடியைப் பார்க்க ஆள் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு போன்.

"சா, வீட்டுக்குத் தென்மேற்கு மூலையில ஒரு கேஜ்ரி நிக்குது. மத்தியானத்துக்கு மேல நிழல் விழுதாம். ஒரு பேனல்ல நிழல் விழுந்தா அந்த வரிசை மொத்தமும் குறைச்சலா ஓடுமாம். வெட்டிட்டா சரியாப் போகும்ங்கறாங்க. என்ன பண்ணலாம்?"

23ஆவது மரம்.

அன்னைக்கு பஸ் பிடிச்சு நானே போனேன். மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் மாடியில நின்னு, நிழல் எங்கெங்க போகுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டேன். கீழேர்ந்து காகோசா வீட்டம்மா மோர் மேல மோரா அனுப்பிக்கிட்டிருந்தாங்க, மேனேஜருக்கு வெயில் தலைக்கேறிடுச்சுன்னு நினைச்சிருப்பாங்க. கோட்டுக்கு வெளியே, வடகிழக்கு மூலையில, 2 கிலோவாட்டுக்கு இடம் இருந்துச்சு. மூணுக்கு இல்லை.

அந்த மரத்தடியில கட்டில் போட்டு உட்கார்ந்து திரும்பவும் ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். "மரம் இருந்தா ஒரு நாளைக்கு 4 யூனிட் நஷ்டம் காகோசா. மானியத்துலயும் 18,000 போகும்." இதை ஒரு பக்கம் எழுதினேன். இன்னொரு பக்கத்தை அவர்கிட்டயே கொடுத்து, "இதை நீங்க சொல்லுங்க"ன்னேன்.

அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். "எழுத என்ன இருக்கு சா, இப்ப நாம உட்கார்ந்திருக்கறதே அதோட நிழல்லதானே"ன்னு சொல்லிட்டு 2 கிலோவாட் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டார்.

கடன் ஃபைல்ல, 3க்குப் பதிலா 2 ஏன்னு குறிப்பு எழுதணும். "தென்மேற்கே வன்னி மரம், விண்ணப்பதாரர் வெட்ட விரும்பவில்லை"ன்னு எழுதினேன். ரீஜனல் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, இதென்ன காரணம்னு. கணக்குல வரணுமேன்னுதான்னேன்.

அந்த 22 திரும்ப வராது. அதை எழுதித் தீர்க்கவும் முடியாது. அந்தப் பையில இருந்த சாங்க்ரியில தங்கமணி பாதியை அன்னைக்கே சமைச்சுட்டா. மீதிப் பாதி இன்னும் எங்க சமையலறை டப்பாவுல இருக்கு. அடுத்த தடவை அம்மா வரும்போது வத்தக்குழம்பு வைக்கச் சொல்லணும்.