தங்க அட்டையும் அத்தையின் கண்ணும்

"அடுப்படியில் நிற்பவளுக்கு ஆகாய விமானத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்றுதானே நினைக்கிறீர்கள்? சில வருடங்களுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் சென்னையில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் விற்பனைப் பொறுப்பில் இருக்கிறார். மாதத்தில் பத்து நாளாவது சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி என்று போய்க்கொண்டிருப்பார். கம்பெனி செலவில் பிசினஸ் கிளாஸ் பயணம். அதில் என் பங்கு, பெட்டி அடுக்குவதும், பருப்புப்பொடி கட்டிக் கொடுப்பதும், திரும்பி வந்ததும் அழுக்குத் துணியைப் பிரித்துப் போடுவதும்தான்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருடைய நண்பர்கள் மூன்று பேர் காபிக்கு வருவார்கள். எல்லாருமே இவரைப் போல் பறக்கிறவர்கள். பேச்செல்லாம் விமானந்தான். தீபாவளிக்கு முன்னால் நாம் புடவைக் கடைகளை அலசுகிறோமே, அதெல்லாம் தோற்றது போங்கள்! ஒருவர் கத்தார் ஏர்வேஸ் கட்சி. 2017-ல் அவர்கள் கொண்டுவந்த இருக்கையில் கதவைச் சாத்திக்கொண்டால் தனி அறை மாதிரி இருக்குமாம். "பிசினஸ் கிளாஸில் காலை முழுக்க நீட்டிப் படுக்கிற படுக்கையை 2000-லேயே போட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸ்தானே?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் எமிரேட்ஸ். அவர்களுடைய இரட்டை மாடி விமானத்தில் முதல் வகுப்புக்காரர்கள் நடுவானில் குளிக்கலாம் என்று அவர் சொன்னபோது, "ஈரத் துண்டை எங்கே காயப் போடுவாங்க?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார். அத்தை என்றால் என் மாமியார்.

இவரோ ஒரே கம்பெனியின் பக்தர். அதன் பேர் இங்கே வேண்டாம். "மத்த இடத்துல படுக்கை ரெண்டு அங்குலம் நீளமா இருக்கலாம். ஆனா நான் உள்ளே கால் வெச்சதும் இவங்க பேரைச் சொல்லி வரவேற்கிறாங்க. ஜன்னல் பக்கம் வேணும், சர்க்கரை இல்லாத காபி வேணும்னு நான் சொல்லாமலே தெரியும்" என்பார்.

அடுப்படியில் எனக்குச் சிரிப்பு வரும். பத்து வருடமாகச் சர்க்கரை இல்லாத காபி கலக்குகிறவள் நான். ஆனால் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வழக்கம் கிடையாது. "என்னங்க" என்றால் திரும்பிப் பார்ப்பார். இவரைப் பேர் சொல்லி அழைக்கும் பெண்கள் இரண்டு பக்கம்தான் உண்டு. ஒன்று அத்தை, இன்னொன்று அந்த விமானக் கம்பெனி!

இந்த விசுவாசம் எப்படி உண்டாகிறது என்று கல்லூரியில் படிக்கும் என் மகளைக் கேட்டேன். அமெரிக்காவில் 1978-ல் விமானக் கட்டணத்தின் மேல் இருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஒரே ஊருக்குப் பல கம்பெனிகள் போட்டி போட ஆரம்பித்தன. வாடிக்கைக்காரரைப் பிடித்து வைக்க வழி வேண்டுமே! 1979-ல் டெக்சாஸ் இன்டர்நேஷனல் என்ற கம்பெனி, பயணி பறந்த தூரத்தை மைல் கணக்கில் குறித்துவைத்துப் பரிசு கொடுத்தது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதைப் பெரிய அளவில் செய்தது. பிறகு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் தெரு மளிகைக் கடை அண்ணாச்சி, மாதச் சாமான் வாங்குகிறவர்களுக்குப் பொங்கலுக்கு எவர்சில்வர் டப்பா கொடுக்கிறாரே, அதே சமாசாரந்தான்.

ஆனால் இதில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று, சேர்த்துவைத்து டிக்கெட் வாங்குகிற மைல். மற்றொன்று, வெள்ளி, தங்கம் என்று கொடுக்கிற தகுதி. உதாரணத்துக்கு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் திட்டத்தில் 12 மாதத்துக்குள் தகுதிக்கென்று 50,000 மைல் சேர்த்தால் தங்கம். தகுதி இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிடலாம், பெட்டி முதலில் வரும். ஆனால் ஒரு தடவை வாங்கினால் போதாது. வருடா வருடம் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். தவறினால் இறக்கிவிடுவார்கள். எத்தனை வருட வாடிக்கை என்று பார்ப்பதில்லை. அமெரிக்காவின் டெல்ட்டாவும் யுனைடெட்டும் 2015 முதல் தூரத்தைக் கூடக் கணக்கில் எடுக்காமல், டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்துக்குத்தான் மைல் தருகின்றன. அண்ணாச்சி கடை டப்பாவுக்கு இத்தனை சட்டம் கிடையாது!

இப்போது என் மனத்தில் முள்ளாகத் தைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் டிசம்பரில் அத்தைக்கு வலது கண்ணில் புரை அறுவைச் சிகிச்சை. சனிக்கிழமை காலை என்று டாக்டர் நாள் கொடுத்துவிட்டார். இவருக்கோ தங்கத் தகுதிக்குக் கொஞ்சம் மைல் குறைவு. கணக்கு டிசம்பரோடு முடிகிறது. "வெள்ளி ராத்திரி சிங்கப்பூர் போய் ஞாயித்துக்கிழமை வந்துடறேன். ஆபரேஷன் அரை மணி நேரந்தானே? சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார். அங்கே வேலை எதுவும் இல்லை. அட்டையைக் காப்பாற்றக் கைக்காசு போட்டு ஒரு பயணம்!

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மகளும் நானும்தான் அத்தையை அழைத்துப் போனோம். உள்ளே போகுமுன் அத்தை, "அவன் வந்துட்டானா?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. மறுநாள் கண்மூடியை எடுத்தபோது அத்தை முதலில் பார்த்தது என் முகத்தை. இவர் சாக்லேட் பெட்டியோடு வந்து சேர்ந்தார். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. அந்தப் பெட்டி பிரிக்காமலே பல நாள் ஃபிரிட்ஜில் கிடந்தது.

மனசு உறுத்தியதோ என்னவோ, அடுத்த மே மாதம் கொழுந்தனார் மகளின் முதல் பிறந்த நாளுக்கு அத்தையையும் என்னையும் சிங்கப்பூர் அனுப்பி வைத்தார். சேர்ந்திருந்த மைலில் போகும் டிக்கெட் இரண்டு, பிசினஸ் கிளாஸிலேயே. வரிப் பணம் மட்டும் கையிலிருந்து. திரும்பி வர மைல் போதவில்லை. அதற்குச் சிக்கனக் கட்டண விமானத்தில் சாதாரண டிக்கெட். ஆக, ஒரே பயணத்தில் இரண்டையும் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

போகும்போது ராஜ உபசாரம்! சூடான ஈரத் துண்டு, பீங்கான் தட்டு, பொத்தானை அழுத்தினால் படுக்கையாகும் இருக்கை. பேரையும் சொல்லி வரவேற்றார்கள். சாப்பாட்டில்தான் இடித்தது. நாங்கள் சுத்த சைவம். டிக்கெட் போட்டபோது பட்டியலில் 'இந்து சாப்பாடு' என்று இருந்ததை நான்தான் குறிக்கச் சொன்னேன். தட்டைத் திறந்தால் கோழிக்கறி! விமானத்தில் இந்து சாப்பாடு என்றால் மாட்டிறைச்சி இருக்காது என்றுதான் அர்த்தமாம், சைவம் என்று அர்த்தமில்லை. சகோதரிகளே, 'ஏசியன் வெஜிடேரியன்' என்று கேட்டு வாங்குங்கள். வெங்காயம், பூண்டு வேண்டாதவர்கள் ஜைன சாப்பாடு என்று சொல்லுங்கள். ஒரு நாள் முன்னதாகவாவது சொல்லிவிட வேண்டும்.

தப்பு என்னுடையதுதான். பணிப்பெண்ணும் கோபப்படவில்லை. "நீங்கள் கேட்டது இதுதான் மேடம், மன்னிக்கவும்" என்று அழகாகச் சிரித்து, ரொட்டியும் பழமும் வைத்துவிட்டுப் போனாள். அதோடு சரி. சர்க்கரை மாத்திரை போடுகிற வயசான அம்மா என்ன சாப்பிட்டார் என்று பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. என் பையிலிருந்த இட்லிதான் காப்பாற்றியது.

திரும்பும்போது நேர் எதிர். முழங்கால் இடிக்கிற இருக்கை, தண்ணீருக்குக் கூடக் காசு. ஒரு மணி நேரத்தில் அத்தையின் கால் வீங்கிவிட்டது. பயந்து போனேன். அந்தப் பக்கம் வந்த பணிப்பெண், பார்த்தால் இருபத்திரண்டு வயசிருக்கும், சிங்கப்பூர்த் தமிழ்ப் பொண்ணு, தானாகவே நின்றாள். "பாட்டி, கால் வலிக்குதா?" என்று கேட்டு, முன் வரிசையில் காலியாக இருந்த இடத்துக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். காசு வாங்காமல் வெந்நீர் கொடுத்தாள். கீழே மண்டியிட்டு, "பாதத்தை இப்படி மேலேயும் கீழேயும் ஆட்டுங்க, அப்பப்ப எழுந்து நாலு அடி நடங்க" என்று செய்தே காட்டினாள். இறங்கும் வரை மூன்று முறை வந்து பார்த்தாள்.

அவள் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லியிருக்கிறது. நல்ல உடம்புக்காரர்களுக்கு அது அபூர்வந்தான். வயசானவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவமோ பெரிய ஆபரேஷனோ ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. உள்ளே காற்று ரொம்ப வறட்சி. அழுத்தமோ ஊட்டியில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கூட ஆகலாம். அதனால் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். பிசினஸ் கிளாஸ் ஆனாலும் அசையாமல் இருந்தால் கால் கால்தான்!

வீட்டுக்கு வந்ததும் இவர் ஆசையாகக் கேட்டார், "எப்படிம்மா இருந்தது நம்ம விமானம்?" அத்தை படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வரும்போது ஒரு பொண்ணு இருந்தாப்பா" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சொன்னார். "இனிமே போறதா இருந்தா அந்தப் பொண்ணு வர்ற விமானத்துலயே போடு" என்று முடித்தார். அட்டை இல்லை, மைல் இல்லை. விசுவாசம் மட்டும் வந்துவிட்டது!

இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அவ பேரென்ன?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. பயணச் சீட்டைப் பார்த்து, விமான எண்ணும் தேதியும் போட்டு, அந்தக் கம்பெனிக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். இவர்தான் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தார். நல்லது நடந்தால் நாமும் நாலு வரி எழுத வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு மேலதிகாரியிடம் அதுதானே சாட்சி?

அந்த டிசம்பரில் அத்தைக்கு இடது கண். மறுபடியும் இவருக்கு மைல் குறைந்தது. ஒரு நாள் ராத்திரி கைபேசியில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. ஆபரேஷன் அன்று காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தால், வேட்டி கட்டிக்கொண்டு ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் பெஞ்சை விட்டு நகரவில்லை. மறுநாள் கண்மூடியை எடுத்தார்கள். "ஏண்டா, இவ்வளவு நரைச்சுப் போச்சா உனக்கு?" என்றார் அத்தை. இவர் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

தங்கம் போய் வெள்ளி வந்தது. மார்ச் மாதம் ஒரு பயணம் முடிந்து வந்தவர் சாப்பிடும்போது, "இந்தத் தடவை யாரும் பேரைச் சொல்லலை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ராத்திரி ரெண்டு மணி, தெரியாத ஊர், உடம்பெல்லாம் வலி. அப்ப ஒருத்தர் நம்ம பேரைச் சொன்னா, வீடு கொஞ்சம் கிட்டத்துல இருக்கிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்" என்றார்.

இத்தனை வருடம் அதைப் பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். தனிமை என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டி அடுக்கிக் கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று படுத்துத் தூங்கிவிடுவேன். கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்த சூட்சுமம் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

இப்போதும் இவர் பறக்கிறார். நடுராத்திரி வாசலில் கார் வந்து நின்றால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நான் "வாங்க" என்பேன். அத்தை தன் அறையிலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிடுவார். சர்க்கரை இல்லாத காபி தயாராக இருக்கும். இதற்கு மைல் கணக்கு எதுவும் கிடையாது.