நடுங்குவது கையா, காட்சியா?



உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள ஆல்பத்தையோ, கைப்பேசியில் சேர்ந்து கிடக்கும் படங்களையோ ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நிக்காஹ், பெருநாள், பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்த நாள், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோரை வழியனுப்பிய நாள் என்று எத்தனையோ நினைவுகள் அங்கே இருக்கும். அவற்றுள் முகம் தெளிவாகத் தெரிபவை எத்தனை, கலங்கிப் போனவை எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

கலங்கிய படத்தைப் பார்த்ததும் நாம் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "கை ஆடிவிட்டது." ஆகவே புதிய கேமரா வாங்கச் செல்லும்போது, பெட்டியின் மேல் 'இமேஜ் ஸ்டெபிலைசேஷன்', அதாவது நடுக்கத் தடுப்பு, என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும் மனம் நிறைந்துவிடுகிறது. "இது இருந்தால் படம் கலங்காதாமே, மெய்யா ஹஜ்ரத்?" என்று எங்கள் தேவாரத்தில் என்னிடம் கேட்போர் உண்டு. மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவனிடம் இக்கேள்வி ஏன் என நீங்கள் வியக்கலாம். மதரஸா ஆண்டு விழாக்களில், சட்டைப் பையில் அடங்கும் சிறு கேமராவால் படம் எடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. நான் படித்தது கலைப் பட்டம். கருவியின் நுட்பங்களைத் தேவை கருதிப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அக்கேள்விக்கு நான் சொல்லும் விடை இதுதான்: மெய்தான், ஆனால் பாதி மெய். எந்தப் பாதி என்பதை அறிந்துகொள்ளாவிட்டால், மீண்டும் கிடைக்காத ஒரு படத்தை நாம் இழக்க நேரிடும்.

படம் என்பது ஒளியின் பதிவு. பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்பதைச் சோதனைகளோடு விளக்கியவர், பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' ஒளியியலுக்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்று. இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி புகுந்து பிம்பமாக விழுவதையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய கேமராவும் ஓர் இருட்டறையே. அதன் கதவு திறந்து மூடும் நேரத்திற்குள் ஒளி போதுமான அளவு உள்ளே வந்தாக வேண்டும். நண்பகல் வெயிலில் 1/500 வினாடி போதும். குழல் விளக்கு எரியும் வீட்டுக் கூடத்தில் 1/15 வினாடியோ அதற்கு மேலோ தேவைப்படும். அந்த நேரத்தில் எது அசைந்தாலும் அந்த அசைவும் படத்தில் பதிந்துவிடும்.

அசையக் கூடியவை இரண்டு. ஒன்று, கருவியைப் பிடித்திருக்கும் கை. மற்றொன்று, கருவிக்கு முன்னால் இருக்கும் காட்சி. நடுக்கத் தடுப்பு முதலாவதற்கு மட்டுமே மருந்து.

அது செயற்படும் விதம் எளிமையானது. கேமராவுக்குள் 'கைரோ' என்னும் நுண்ணிய உணர்கருவி இருக்கிறது. கை எந்தத் திசையில் எவ்வளவு சாய்கிறது என்பதை அது ஒவ்வொரு கணமும் அளக்கிறது. உடனே லென்ஸின் ஒரு பகுதியோ, படம் பதியும் சென்சாரோ அதற்கு எதிர்த் திசையில் நகர்த்தப்படுகிறது. தலையில் தண்ணீர்க் குடம் சுமந்து செல்லும் பெண், மேடு பள்ளங்களுக்கு ஏற்ப உடலை வளைத்துக் குடத்தை நிலையாக வைத்துக்கொள்வதைப் போன்றது இது. 1988ஆம் ஆண்டில் பானாசோனிக் நிறுவனத்தின் வீடியோ கேமராவில் நடுக்கத் தடுப்பு முதன்முதலாக இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டில் நிக்கான் வெளியிட்ட 'ஜூம் 700 வி.ஆர்.' என்னும் பிலிம் கேமரா, இவ்வசதியைச் சிறிய கேமராவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் சிறு டிஜிட்டல் கேமராக்களிலும் அது பரவியது.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் ஜூமை எவ்வளவு நீட்டுகிறோமோ, அவ்வளவுக்குக் கை அசைவும் பெரிதாகத் தெரியும். 125 மி.மீ. லென்ஸுக்கு இணையாக ஜூமை நீட்டினால், கையில் பிடித்து எடுக்க 1/125 வினாடியாவது வேண்டும் என்பது படக்கலையின் பழைய கணக்கு. நடுக்கத் தடுப்பு மூன்று படி உதவுமானால், அது 1/60, 1/30 என்று இறங்கி 1/15 வினாடி வரை வந்துவிடும். அதாவது எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்திலும் கருவியைக் கையிலேயே பிடித்து எடுக்கலாம். எங்கள் பள்ளிவாசல் சுவரில் உயரத்தில் எழுதப்பட்டுள்ள அரபு எழுத்துகளை, மங்கிய ஒளியில் எட்ட நின்று இப்படித் தெளிவாக எடுத்திருக்கிறேன். சுவர் அசையாது, ஆடியது என் கை மட்டுமே, அதைக் கருவி சரிசெய்தது.

அதே கருவியால், அதே 1/15 வினாடியில், பரிசு வாங்க ஓடி வரும் சிறுவனை எடுத்தால் என்ன ஆகும்? வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு மூடுவதற்குள் அவன் 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். படத்தில் அவன் இருக்கமாட்டான். ஒரு வெள்ளைத் தொப்பியின் கோடு மட்டும் இருக்கும். 1/500 வினாடியில் எடுத்திருந்தால் நகர்வு 6 மில்லிமீட்டரோடு நின்றிருக்கும். கைரோவுக்குக் கையைத் தெரியும், பிள்ளையைத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு படம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் உறவினர் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து நடுக்கத் தடுப்பு உள்ள சிறு கேமரா கொண்டு வந்திருந்தார். வீட்டில் நடந்த ஒரு நிக்காஹின் இரவில், குழல் விளக்கின் கீழ் அமர்ந்து யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே திரும்பினார் எங்கள் நன்னி. அப்போது எடுத்த படம் அது. அவருக்குப் பின்னால் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தேதி தெளிவாகத் தெரிகிறது. அதன் அடியில் உள்ள சிற்றெழுத்தைக் கூடப் படிக்கலாம். நன்னியின் முகம் மட்டும் புகை போல் இழுபட்டிருக்கிறது. கருவி பழுதன்று, தன் வேலையைச் செவ்வனே செய்திருக்கிறது. நாட்காட்டியின் தெளிவே அதற்குச் சான்று. ஆனால் வினாடிக்கு ஓர் அடி வீதம் முகம் திரும்பினாலும், 1/10 வினாடியில் 3 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; முகத்தின் அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. மறு ஆண்டு நன்னி வஃபாத்தானார். அவர் சிரித்த படம் எங்களிடம் வேறு இல்லை.

இது வீட்டு விசேஷங்களோடு முடியும் செய்தியன்று. எங்கள் ஊரிலிருந்தும் போடிநாயக்கனூரிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு மலையேறிச் செல்வோர் பலர். ஏலச் செடி மரநிழலில் வளர்வது. பூவும் காயும் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் பிடிப்பவை. அங்கே பகலிலும் வெளிச்சம் குறைவு. இலையில் வரிவரியாக மஞ்சள் படர்ந்தாலோ, காயில் சொறி கண்டாலோ, படம் எடுத்து விவரம் அறிந்தவருக்கு அனுப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும் ஆனி, ஆடியில் அந்த இலை ஒரு கணமும் நிற்பதில்லை. கருவியில் எந்தத் தடுப்பு இருந்தாலும் ஆடும் இலை ஆடியபடியேதான் பதியும். இலையை ஒரு கையால் பிடித்து நிறுத்துவதும், நிழல் விலகிய இடத்தில் வைத்து எடுப்பதும் விலையில்லா மருந்துகள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மிக அருகில் வைத்து எடுக்கும்போது, கை சாய்வதைக் காட்டிலும் பக்கவாட்டில் நகர்வதே படத்தை மிகுதியும் கெடுக்கிறது. பழைய நடுக்கத் தடுப்புகள் சாய்வை மட்டுமே அறிந்தன. 2009ஆம் ஆண்டில் கேனான் நிறுவனம் வெளியிட்ட 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்தான் இரண்டையும் சேர்த்துத் திருத்த முற்பட்டது. ஆகவே சிறு கேமராவைக் காயின் மேல் முட்டும்படி கொண்டு சென்று, "தடுப்பு இருந்தும் கலங்குகிறதே" என்று வருந்த வேண்டாம். சற்று விலகி, முழங்கையை முழங்காலில் ஊன்றி எடுங்கள்.

பழைய ஏடுகளையும் பத்திரங்களையும் படம் எடுப்போர் இதை முக்கியமாக நினைவில் கொள்ள வேண்டும். வக்ஃபுச் சொத்து விவரங்களைப் பதிவேற்றும் 'உமீத்' இணையதளம் 2025 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட பின், எங்கள் பக்கத்திலும் பெட்டியில் கிடந்த பத்திரங்கள் வெளியே வந்தன. பல வீடுகளில் முன்னோர் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. அரபு எழுத்தில் கீழே ஒரு புள்ளியிட்டால் 'பா', மேலே இரண்டிட்டால் 'தா', மூன்றிட்டால் 'ஸா'. படம் ஒரு மயிரிழை கலங்கினாலும் இரண்டு புள்ளி ஒன்றாகிவிடும், சொல்லே மாறிவிடும். சர்வே எண்ணில் 3 என்பது 8 ஆகத் தோன்றினால் விளைவு என்ன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தாளோ அசையாத பொருள். இங்கே நடுக்கத் தடுப்பு ஓரளவு உதவும். ஆயினும் சன்னலோரம் தாளைப் பரப்பி, கேமராவை முக்காலியில் பொருத்தி, 2 வினாடி டைமரை வைத்து எடுப்பதற்கு அது ஈடாகாது. முக்காலியில் வைக்கும்போது நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது. பழைய கருவிகளில் இல்லாத அசைவைத் தேடி அதுவே சற்று ஆடுவதுண்டு.

கடையில் வாங்கும்போது ஒரு சொல்லைக் கவனியுங்கள். 'ஆப்டிகல்' என்றோ, 'சென்சார் ஷிஃப்ட்' என்றோ குறித்திருந்தால் உள்ளே ஒரு பாகம் உண்மையிலேயே நகர்கிறது என்று பொருள். வெறும் 'டிஜிட்டல்' என்றிருந்தால் கேட்டுத் தெளியுங்கள். பழைய சிறு கேமராக்கள் சிலவற்றில் ஒளியுணர்வைக் கூட்டி, நேரத்தைக் குறைப்பதற்கே அப்பெயர் சூட்டியிருந்தார்கள். அதனால் அசைவு குறையும் என்பது மெய். படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் கூடும் என்பதும் மெய்.

"இப்போது யார் ஹஜ்ரத் கேமரா வாங்குகிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 10 கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட சிறு கேமராக்கள், 2023இல் 20 லட்சத்திற்கும் குறைந்துவிட்டன. ஆனால் நடுக்கத் தடுப்பு கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 2012ஆம் ஆண்டின் நோக்கியா லூமியா 920 அதற்கு வழிகாட்டியது. இன்றைய கைப்பேசிகளின் இரவுப் பயன்முறை, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக இணைக்கிறது. அங்கும் விதி மாறவில்லை. அந்த ஓரிரு வினாடிகள் எதிரே இருப்பவர் அசையாமல் இருந்தால்தான் முகம் தெளியும்.

எனவே, படம் கலங்கினால் கருவியைக் குறை சொல்லுமுன், "எது அசைந்தது?" என்று கேளுங்கள். கை அசைந்தது என்றால் நடுக்கத் தடுப்பு கைகொடுக்கும். காட்சி அசைந்தது என்றால் வெளிச்சமும், கதவின் வேகமும், ஒரு நிமிடப் பொறுமையுமே கைகொடுக்கும். பணம் கொடுத்து வாங்கும் வசதிக்கும், நாம் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலைக்கும் உள்ள எல்லை அதுவே.

உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருக்கிறாரா? விசேஷ நாளின் இரவுக் கூட்டத்தில் அவரைப் படம் எடுக்கக் காத்திருக்க வேண்டாம். எங்கள் ஊரில் மஃக்ரிபுக்கு முன்னதாகவே சூரியன் மலைக்குப் பின்னால் மறைந்துவிடும். உங்கள் ஊரில் எப்படியோ, பார்த்துக்கொள்ளுங்கள். இன்று அஸர் தொழுகைக்குப் பின், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே அவரைத் திண்ணையில் அமரச் செய்யுங்கள். அவருக்குப் பிடித்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். அவர் சிரிக்கும்போது ஒன்றல்ல, பத்துப் படம் எடுங்கள். அவற்றுள் ஒன்றாவது தெளிவாக அமையும், இன்ஷா அல்லாஹ்.