கீறாமல் கழுவும் கரம்

வேதபகுதி: மத்தேயு 23:25-26, யோவான் 13:1-11, கலாத்தியர் 6:1



கார்ச் சக்கரம் கழுவும் பிரஷைப் பற்றி ஒரு போதகர் ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் விரிவாக நடத்தி, பின்பு அரசாங்கத்தின் கைக்கு வந்த கோலார் தங்கச் சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. பாட்டனும் தகப்பனும் பூமிக்கடியில் இறங்கி உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள், இன்று விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிப் போகிறார்கள். அவர்களில் கார் ஓட்டுகிறவர்களும் கார் கழுவுகிறவர்களும் உண்டு.

எங்கள் சபையின் வாலிபர் ஒருவர், தாம் வேலைசெய்த இடத்தில் ஒரு விலையுயர்ந்த காரின் சக்கரத்தை இரும்புக் கம்பி பிரஷால் தேய்த்தார். அழுக்குப் போயிற்று, அதோடு பளபளப்பும் போயிற்று. அந்த மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி பிடித்துக்கொள்ளப்பட்டது. அவரிடத்தில் சோம்பல் இல்லை, உண்மைக் குறைவும் இல்லை. எந்தப் பொருளுக்கு எந்தக் கருவி என்பதை ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான். ஆகையால் உங்கள் பிள்ளைகளுக்கு உதவும்படி இதை எழுதுகிறேன்.

அலாய் வீல் எனப்படும் சக்கரம் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. அதன்மேல் பெயிண்டும், பெயிண்டின்மேல் கண்ணாடிபோன்ற மெல்லிய வார்னிஷ் பூச்சும் இருக்கும். அந்தப் பூச்சே அதற்குப் பாதுகாப்பு. பூச்சு கீறப்பட்டால் ஈரமும் உப்பும் உள்ளே இறங்கி உலோகத்தை அரிக்கத் தொடங்கும். அதன்மேல் படியும் கரிய அழுக்கோ சாதாரண மண் அல்ல. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பிரேக் பேடும் இரும்புத் தட்டும் தேய்ந்து உதிர்கிற தூள் அது. சூட்டோடு வந்து ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்டால் துருப்பிடித்துப் புள்ளியாகும்.

நம் ஊரில் இன்னொரு தூசியும் உண்டு. தங்கம் எடுப்பதற்காக அரைத்துக் கொட்டப்பட்ட பாறைத்தூள், சயனைடு மலைகளாக இன்றும் நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டிலும் வண்டியிலும் படிகிறது. தங்கம் கிடந்த பாறை குவார்ட்ஸ். அதன் கடினம் மோஸ் அளவில் 7, கண்ணாடியையே கீறக்கூடியது. அப்படிப்பட்ட தூள் படிந்திருக்கும்போது காய்ந்த சக்கரத்தைத் தேய்த்தால், பட்டுத்துணியும் உப்புத்தாளாய் மாறிவிடும். கீறுவது பிரஷ் மட்டுமல்ல, பிரஷ் இழுத்துச் செல்லும் தூசியுமே.

ஆகவே முதலாவது, சக்கரம் ஆறட்டும். சூடாயிருக்கும்போது கழுவினால் சோப்பு காய்ந்து கறையாகும். ஆறியபின் தாராளமாய்த் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, கார் ஷாம்பு கலந்த நீரில் ஊறவிடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஒருபோதும் தொடாதிருங்கள். அது அலுமினியத்தை அரிக்கும், கையையும் புண்ணாக்கும்.

இரண்டாவது, பிரஷைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். முரட்டு இழையுள்ள பிரஷ் டயரின் ரப்பருக்கு மட்டும் ஆகும். சக்கரத்தின் முகப்புக்கு, நுனி பிரிந்து பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும் இழைகளுள்ள பிரஷ் தேவை. வாங்குமுன் மணிக்கட்டின் உட்புறத்தில் தேய்த்துப் பாருங்கள்; குத்தினால் விட்டுவிடுங்கள். வீட்டில் பயனற்ற பழைய சிடி இருந்தால், பிரஷை நனைத்து அதன் பளபளப்பான பக்கத்தில் தேய்த்தும் சோதிக்கலாம். சக்கரத்தின் உட்புறத்துக்கு நீண்ட பிரஷ் உண்டு. அதன் நடுக்கம்பியின் நுனி ரப்பரால் மூடப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். மூடாத நுனி ஒரு ஆணிக்குச் சமானம். பிரேக் தூள் மிகுதியாய்ச் சேருவது கண்ணுக்குத் தெரியாத அந்த உட்புறத்தில்தான். வெளிப்புறத்தை மாத்திரம் துலக்குகிறவர்களைக் குறித்து நம் ஆண்டவர் சொன்னது உங்களுக்கு நினைவுக்கு வரட்டும்.

மூன்றாவது, சக்கரத்துக்கு ஒரு பிரஷ், டயருக்கு ஒரு பிரஷ், வண்டியின் உடலுக்கு வேறு துணி என்று பிரித்து வையுங்கள். தரையில் விழுந்த பிரஷை அலசாமல் மறுபடியும் பயன்படுத்தாதீர்கள். இழை வளைந்து முரடானதை எறிந்துவிடுங்கள். கழுவி முடித்தபின் பிரேக் ஈரமாயிருக்கும்; சாலையில் வேகமெடுக்குமுன் மெதுவாய் ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.

இன்னும் ஒரு காரியம் சக்கரத்தைவிட முக்கியமானது. காய்ந்த பிரேக் தூளைக் காற்றடித்து ஊதவும், உலர்ந்த பிரஷால் தட்டவும் வேண்டாம். பழைய பிரேக் பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்ந்திருந்தது. அதன் இழைகள் நுரையீரலைக் கெடுப்பவை. தங்கவயலில் இதைச் சொல்ல அதிக வார்த்தை தேவையில்லை. பாறைத்தூளைச் சுவாசித்துச் சிலிகோசிஸ் நோயால் இருமி இருமி இளைத்துப்போன சுரங்கத் தொழிலாளிகளை நாம் அறிவோம். தகப்பன் சுவாசித்த தூசி போதும், பிள்ளையும் சுவாசிக்கவேண்டாம். முதலில் நனையுங்கள், பின்பு தேயுங்கள்.

பிரியமானவர்களே, மனுஷரைச் சுத்திகரிக்கும் ஊழியத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. பட்டணத்துக்குப் போன பிள்ளை குடியிலோ கடனிலோ கறைபட்டுத் திரும்பும்போது, நாம் முதலில் கையில் எடுப்பது எது? காய்ந்த கம்பி பிரஷ் அல்லவா? வீட்டார் எல்லார் முன்பாகவும், சில வேளைகளில் சபையார் முன்பாகவும் தேய்த்துவிடுகிறோம். அழுக்கு போகலாம், ஆனால் அவனுக்குள் மீதியாயிருந்த வெட்கமும் மானமும் சேர்ந்து போய்விடுகின்றன. கீறப்பட்ட இடத்தில்தான் துரு சீக்கிரம் பிடிக்கும். ஆகையால்தான் பவுல் அப்போஸ்தலன், தவறினவனைச் சாந்தத்தோடு சீர்ப்படுத்தும்படி கலாத்தியருக்கு எழுதினார். அழுக்கைக் காணாததுபோல் விட்டுவிடச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

யோவான் 13-ஆம் அதிகாரத்தை இன்று குடும்பமாய் வாசியுங்கள். நம் ஆண்டவர் முதலாவது பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார். பின்பு தம்முடைய கையினாலேயே கழுவினார். கடைசியில் துணியினால் துடைத்தார். தண்ணீர், கரம், மெல்லிய துணி. தம்மை மறுதலிக்கப்போகிறவனின் கால்களையும் அவர் அப்படியே கழுவினார்.

நம்முடைய கைகளும் அப்படிப்பட்டவைகளாய் இருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக. வாகனம் கழுவிப் பிழைக்கும் நம் பிள்ளைகளின் கைகளின் பிரயாசத்தையும் அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.