வெயில் வரட்டும், அண்ணே

நடைப்பயிற்சி என்றாலே அதிகாலை என்று நம்மில் பலர் முடிவு செய்து வைத்திருக்கிறோம். இருள் விலகுமுன் எழுபவன் உழைப்பாளி. கதிரவன் வந்தபின் கதவைத் திறப்பவன் சோம்பேறி. சமவெளியில், அதுவும் கோடையில், இந்தக் கணக்குப் பொருந்தலாம். ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், மார்கழி, தை மாதங்களில், அது உயிரோடு விளையாடக்கூடியது.

எங்கள் ஊர் ஏரி, மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவரின் முயற்சியால் 1863-இல் உருவானது. அதைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். கோடை விடுமுறையில் குதிரைகளும் மிதிவண்டிகளும் மொய்க்கும் அச்சாலை சனவரி விடியலில் வெறிச்சோடிக் கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் சரிவுகளில் இறங்கி ஏரிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தெருவில் காணாத உறைபனி, கரையோரப் புல்லில் உப்பைத் தூவியது போல வெளுத்திருக்கும். விறகடுப்புப் புகையும் மேலெழ வழியின்றி அங்கேயே படுத்திருக்கும். நல்ல காற்று வாங்கத்தான் நாம் அங்கே போகிறோம்!

என்னோடு நடப்பவர் அஞ்சல் நிலையத்தில் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றவர். என்னிலும் எட்டு வயது மூத்தவர். 2018 சனவரியில் ஒருநாள், ஐந்தரை மணி இருக்கும், ஏரியைவிட்டு ஏறும் மேட்டில் வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டார். "ஒன்றுமில்லை தம்பி, வாயுதான்" என்றார். கை மட்டும் நெஞ்சின் நடுவே இருந்தது. ஐந்து நிமிடம் நின்றதும் வலி விட்டது. நான்கடி வைத்ததும் திரும்ப வந்தது. அவ்வழியே வந்த பால் வண்டியை நிறுத்தி அவரை ஏற்றினேன். இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய் ஒன்றில் அடைப்பு. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தார்கள்.

குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, இதயம் கூடுதலாக உழைக்க நேர்கிறது என்று மருத்துவர் விளக்கினார். விழித்தெழுந்த முதல் சில மணி நேரமே மாரடைப்பு மிகுதியாக வரும் நேரமாம். இம்மலைக் காற்றில் பிராணவாயுவும் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆயினும் அவர் நடையைத் தடுக்கவில்லை. வெயில் ஏறியபின் நடக்கவும், முதல் பத்து நிமிடம் மெதுவாகப் போகவும் மட்டுமே சொன்னார்.

நடப்பதன் பயனுக்குச் சான்று கேட்பவர்க்கு இலண்டன் மாநகரைக் காட்டலாம். 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநரைவிட உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்க்கு இதயநோய் அதிகம் என்று கண்டார். அஞ்சல் துறையிலும் அப்படியே: கடிதம் சுமந்து நடந்தவர் உட்கார்ந்து எழுதியவரைவிட நலமாக இருந்தார். இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "நான் முத்திரை குத்தியவன்தானே, தம்பி!"

மாத்திரைக்கு உடன்பட்டார், உப்பைக் குறைத்தார். நேரத்தை மாற்றத்தான் மனம் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் ஐந்து மணிக்கு எழுந்தவர். ஏழரைக்கு ஏரிக்குப் போனால், பொழுது போகாத பென்சன்காரன் என்று ஊர் பேசுமாம். நோயைவிட அச்சொல் அவருக்குப் பெரிதாக இருந்தது. முதுமை வீட்டு வாசலுக்கு வரும்போது நாம் காட்டும் கடைசி வீறாப்பு இப்படிச் சின்ன விஷயங்களில்தான் போலும். "வெயில் வரட்டும், அண்ணே" என்று நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் சொல் எடுபடவில்லை. அண்ணி ஒருநாள் கைவிளக்கை ஒளித்து வைத்தார், அது எடுபட்டது.

இப்போது ஏழரைக்குப் புறப்படுகிறோம். குளிரில் தாகம் தெரியாதென்று அண்ணி வெந்நீர்க் குப்பியும் கொடுத்தனுப்புகிறார். மரங்களின் இடையே வெயில் விழும் வளைவுகளில் சற்று நிற்கிறோம். ஐந்தரைக்குப் போன பழைய கூட்டாளிகள் எதிரே திரும்பி வரும்போது மட்டும், இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பியவர் போல அண்ணன் நடையைக் கொஞ்சம் விரைவாக்கிக்கொள்கிறார்.