யாரும்மா உன்ன வெரட்டுறா?

மலாய் மொழியில் 'தானா ராத்தா' என்றால் சமதளம். கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு இந்தப் பெயரை வைத்தவர் ஒருநாளும் இங்கே ஓடிப் பார்த்திருக்க மாட்டார். கடைத்தெருவைத் தாண்டிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று ஏற்றம், இல்லையென்றால் இறக்கம்.

நான் ஓடத் தொடங்கியது கிட்டத்தட்ட உண்மையான சமதளத்தில், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில். ஊடகத்துறையில் பட்டம் படிக்கப் போனேன். வேலை கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டேன். இப்போது வானொலியில் தமிழ் அறிவிப்பாளர். ஒலிவாங்கியின் முன்னால் ஆயிரம் பேரிடம் பேசுவேன். வெளியே வந்தால் பேச ஓர் ஆள் இருக்காது. வெளிநாட்டில் தனியாக இருப்பவர்களுக்கு இது புரியும்.

ஓட வைத்தது ஆசையல்ல, பயம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் முதலில் அவர் கால்விரலை எடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. 58 வயதில் அவரையே எடுத்துக்கொண்டது. காரியம் முடிந்து மெல்பர்ன் திரும்பியதும் மருத்துவர் என் இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எனக்கு அப்போது வயது 31.

நகரின் தாவரவியல் பூங்காவைச் சுற்றி 3.8 கிலோமீட்டர் மண்பாதை ஒன்று இருக்கிறது. 'டேன்' என்பார்கள். முதல் நாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைதான் ஓட முடிந்தது. பிறகு இரண்டு கம்பம் நடை, ஒரு கம்பம் ஓட்டம். வேகத்தை அளக்க விலையுயர்ந்த கடிகாரம் வேண்டாம், பேச்சே போதும் என்று அங்கே ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு மேல் வராவிட்டால் குறைக்க வேண்டும். எனக்கு அது தொழில்தானே? "நேரம் சரியாகக் காலை ஆறு மணி முப்பது நிமிடம்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். குளிரில் எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அறிமுகம்.

சனிக்கிழமை காலையில் பூங்காக்களில் 'பார்க்ரன்' நடக்கும். 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. 2004இல் லண்டன் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கியது, இன்று பல நாடுகளில் நடக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, எல்லாருக்கும் பின்னால் ஒரு தொண்டர் நடந்து வருவது. கடைசியாக வருபவர் என்ற பெயர் எப்போதும் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. நான் பல வாரங்கள் அவருக்கு ஒரு வீடு முன்னால்தான் வந்தேன். ஓராண்டுக்குள் அந்தப் பூங்காவில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கும் இருபது பேர் இருந்தார்கள். வேற்றூர் வேற்றூராக இல்லாமல் போனது அப்படித்தான்.

விடுமுறைக்குத் தானா ராத்தா வந்து, காலையில் காலணியைக் கட்டியபோது அம்மா கேட்டார்: "யாரும்மா உன்ன வெரட்டுறா?" பக்கத்து வீட்டு அத்தை ஒருபடி மேலே போனார்: "வெள்ளக்காரன் ஊருக்குப் போயி வெள்ளக்காரன் பழக்கம்!"

வெள்ளைக்காரன் பழக்கமா? எங்கள் மலைச்சாலை கீழே தாப்பாவில் தொடங்குகிறது. அந்தத் தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றார். அதே போட்டியில் டாக்டர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆள் வரவில்லை. ஓட்டம் நம் வீட்டுச் சொத்துதான். நாம்தான் பரணில் போட்டுவிட்டோம்.

இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார், என் பாட்டி. 1929இல் 'போ' தோட்டம் தொடங்கிய பின் இந்த மலையில் வேறு தோட்டங்களும் வந்தன. அப்படி வந்த ஒன்றில் அவர் கொழுந்து பறித்தார். விடியுமுன் பெரட்டுக்குப் போவார். பிறகு கூடையோடு நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குவார். "அந்தக் காலத்துல உடம்பு எவ்வளவு தெம்பு" என்று இன்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஐம்பது வயதில் அவர் முழங்கால்கள் போய்விட்டன. மூச்சு வாங்கினாலும் மழை பெய்தாலும் கூடை நிறையும்வரை அவரால் நிற்க முடியாது. நான் ஏறுவதும் அதே மாதிரி சரிவுதான். ஆனால் முடியவில்லை என்றால் நின்றுவிடுவேன். இரண்டு தலைமுறையில் எங்கள் குடும்பம் சம்பாதித்த பெரிய சொத்து, இந்த நின்றுகொள்ளும் உரிமைதான்.

இன்று தோட்டங்களில் கத்தரியும் இயந்திரமும் கொழுந்து வெட்டுகின்றன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் பிள்ளைகள் நாற்காலிக்கு மாறிவிட்டோம். நல்லதுதான், அதற்காகத்தானே பாட்டி பாடுபட்டார்? ஆனால் சோற்றுத் தட்டும் தே தாரிக் கிளாஸும் அதே அளவில் இருக்கின்றன. 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம்.

ஊரில் ஓடுவது மெல்பர்ன்போல் இல்லை. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரை ஊர்களைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வளவு குறையும். கடிகாரத்தைப் பார்த்தால் மனம்தான் உடையும். நான் பேச்சைக்கொண்டே அளக்கிறேன். வார இறுதியில் பிரிஞ்சாங் சாலையில் வாகனங்கள் நெரியும் என்பதால், அந்தப் பக்கம் போவதென்றால் வார நாள் காலையில்தான்.

அம்மாவுக்கும் இனிப்பு நீர் உண்டு. அவரை ஓடச் சொல்லவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள், வேக நடையும் இதில் சேரும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கடைத்தெருவில் தொடங்கினோம். ஊரில் சமதளமான இடம் அதுதானே!

நான் மெல்பர்ன் திரும்பிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. போன வாரம் தொலைபேசியில் சொன்னார். அவர் விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை கேட்டாராம்: "யாருக்கா உன்ன வெரட்டுறா?"

அம்மா நடையை நிறுத்தாமலே பதில் சொன்னாராம்: "இனிப்பு நீருதான்! உன்னயும் வெரட்டுது, வா!"