சுவர் வளைந்ததா? லென்ஸ் வளைந்ததா?

சிவில் படிக்கிறவனுக்குக் கேமராவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு பள்ளிக்கூடத்தையே இடிக்கப் பார்த்த படத்தின் கதை இது.

இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியின் பழைய செங்கல் கட்டடத்தை எங்கள் குழு ஆய்வு செய்தது. எதிரே குறுகலான சந்து. பின்னால் நகர இடமில்லை. முழுச் சுவரும் படத்தில் அடங்க வேண்டுமே! ஸ்டுடியோ அண்ணனிடம் கெஞ்சி, வேறு கம்பெனியின் 14 மி.மீ. லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கினேன். எல்லாமே கையால் திருகுவது. கேமராவோடு பேச அதில் சிப் கிடையாது.

படத்தைப் பார்த்ததும் சாரின் முகம் மாறியது. "என்னப்பா, மூலைச் சுவர் வயிறு தள்ளி நிக்குதே! இடிக்கணும்னுதான் எழுதணும்."

எனக்குப் பகீரென்றது. அந்தத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்டதைப் பார்த்தவன் நான். படம் சொல்வது நிஜமானால் அவர்கள் தலைக்கு ஆபத்து. பொய்யானால் பள்ளிக்கூடம் போச்சு!

ராத்திரி கணினி முன் உட்கார்ந்தேன். பட்டியலில் உள்ள லென்ஸ் என்றால் ராதெரப்பி மென்பொருள் அதன் பெயரைப் பார்த்து வளைவைத் தானே நிமிர்த்திவிடும். இதற்கோ பெயரே பதிவாகவில்லை. ரா கோப்பு என்பது சென்சாரில் விழுந்ததை அப்படியே வைத்திருப்பது. லென்ஸின் வளைவும் அதில் அப்படியே இருக்கும். "கிட்டத்தட்ட ஒண்ணுதானே" என்று பட்டியலிலிருந்து வேறொரு 14 மி.மீ. லென்ஸைத் தேர்ந்தெடுத்தேன். வயிறு தள்ளிய சுவர் இப்போது உள்ளே ஒடுங்கிக்கொண்டது!

மறுநாள் தூக்குக்குண்டோடு போனோம். மூலையில் தொங்கவிட்டு மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்தோம். 4 மி.மீ. கூட வித்தியாசமில்லை. பிறகு அந்த நூலும் தெரியும்படி, கேமராவை ரசமட்டம் பார்த்து நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். கேமரா அண்ணாந்தால் படத்தில் கோடுகள் சாயும், ஆனால் வளையாது. என் படத்திலோ நூலே வில்லாக வளைந்திருந்தது! குண்டு கட்டித் தொங்கும் நூல் எங்காவது வளையுமா?

நூல் நேராகும் வரை 'டிஸ்டார்ஷன்' அளவைக் கையால் நகர்த்தினேன். நூல் நிமிர்ந்தது, கூடவே சுவரும் நிமிர்ந்தது. அதே தூரத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அதே அளவைப் போட்டேன்.

அளவுக் குறிப்பையும் இரண்டு படங்களையும் சாரிடம் வைத்தேன். ஜன்னலுக்குக் கீழே இருந்த நிஜ விரிசலையும் மறைக்கவில்லை. "பழுது பார்த்தா போதும்ப்பா" என்றார் சார். அறிக்கையும் அப்படியே முடிந்தது.

பட்டியலில் பெயர் இல்லாமல் போவது லென்ஸுக்கு மட்டுமா? நம்மில் பல பேருக்கும்தான்! அதற்காகப் பக்கத்துப் பெயரைக் கடன் வாங்க வேண்டாம். ஒரு நூலைத் தொங்கவிட்டு, நாமே அளந்து பார்ப்போம்.

– இறுதியாண்டு, சிவில் பிரிவு